குடும்பத்தில் ஒருத்தருக்கும் இல்லை

புத்தளம் மாவட்டத்து முந்தலில் ஓர் அரச அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆட்கள் கொண்டுவரும் படிவங்களை வாங்கிச் சரிபார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக நான் செய்வது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுத ஒன்றுமில்லாவிட்டால் 'இல்லை' என்றாவது எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள் என்று வயது போனவர்கள் மேலும் எரிந்து விழுவேன். வெளியே வாங்குப் பலகையில் காத்திருப்பவர்கள் என்னைக் கண்டிப்பான மிஸ் என்று சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட நான் என் அப்பாவின் கோப்பில் ஒரு கட்டத்தைப் பொய்யால் நிரப்பினேன். வாயால் சொன்னேன், டொக்டர் எழுதிக்கொண்டார். கண்டிப்பாம் கண்டிப்பு.

அப்பா எங்கள் ஊரான உடப்புக் கரையில் வலை இழுத்தவர். போர் முடிந்து வடக்குக் கரை திறந்தபின் எங்கள் ஊர் ஆட்கள் பழையபடி மீன் பருவத்துக்கு அங்கே கரையில் வாடி என்னும் குடிசை போட்டுத் தங்கத் தொடங்கினார்கள். அப்பாவும் ஒவ்வொரு வருடமும் போவார். ஒரு வருடம் பருவம் முடியும் முன்பே, வாடியையும் ஆட்களையும் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறி வந்து நின்றார். முதுகு நோகிறது என்றார். தைலம் பூசினோம். கதிரையில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். சிறுநீர் போவதற்கு அவர் படும் பாடு அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எங்கள் வீடுகளில் ஆண்கள் இடுப்புக்குக் கீழே வரும் நோய் வருத்தத்தை மகளிடம் சொல்லமாட்டார்கள். இரத்தம் கண்டபிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள், அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

புத்தளத்தில் ஒரு டொக்டர் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள், பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். புரொஸ்டேட்டில் புற்று, எலும்பையும் தொட்டிருக்கலாம் என்று சொல்லிக் கொழும்புப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

அந்த நேரத்தில்தான் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தங்கை என்னைவிடப் பதினான்கு வயது இளையவள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மாப்பிள்ளை ஊருக்குள்தான். எங்கள் ஊரில் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கொடுத்து ஊருக்குள்ளேயே எடுப்பது. யாருக்கு யார் என்ன முறை என்று பார்க்கப்போனால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனால் ஒரு வீட்டுக் கதை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. எனக்கும் இரண்டு சம்பந்தம் வந்து, பேசி முடிக்கும் தறுவாயில் இரண்டும் நழுவிப்போயின. ஒன்றுக்குச் செவ்வாய் என்றார்கள். மற்றதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. அம்மா மட்டும் உள்ளுக்குள் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு, "உன்ட மாமியின்ட கதை எப்படியோ வெளிய போயிருக்கு" என்று முணுமுணுப்பாள்.

மாமி அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். பிள்ளைகள் இல்லை, எங்களோடுதான் இருந்தாள். எனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அவளுடைய மார்பில் ஒரு கட்டி வந்து, புண்ணாகி, உடைந்தது. அவள் அதை யாருக்கும் காட்டவில்லை. புண்ணின் மணம்தான் காட்டிக்கொடுத்தது. போர்க்காலம். கொழும்புக்குப் போகும் பாதை முழுக்கச் சோதனைச் சாவடி. அப்பா ஒரு தடவை சிலாபம் வரை கூட்டிப்போனார். வழியில் இறக்கி, நிற்கவைத்து, அவளுடைய சட்டைக்குள் என்ன கட்டுப் போட்டிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாமி வாசல் படலையைத் தாண்டவில்லை.

வருகிறவர்களை எப்படித் தடுப்பது? அப்பாதான் வழி கண்டுபிடித்தார். வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள், என்ன ஏது என்று துருவிக் கேட்கவும் மாட்டார்கள். அம்மாள் வந்து இறங்கியிருக்கும் வீட்டில் கேள்வி கேட்பது மரியாதையில்லை. இலை வாடவாடப் புதுக் கொத்து முறித்துவந்து கட்டியது நான்தான். மாமி போனபோது, அம்மாள் கூட்டிட்டுப் போயிட்டா என்று சொல்லி அன்றைக்கே அடக்கம் செய்தோம். அப்போது தங்கைக்கு ஒரு வயது.

அதற்கு ஏழு வருடம் கழித்துப் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். முதுகு நோ என்று படுத்தார், கால் இரண்டும் செத்துப்போயின, ஆறு மாதம் கிடந்தார். வாதம் என்றோம். இரண்டு சாவையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்று பெண்ணின் மார்பு, மற்றது ஆணின் முதுகு. ஒரே வேர் இரண்டு இடத்தில் முளைக்கும் என்று யார் நினைப்பது?

கொழும்புக்குப் போக வான் பிடிக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வான் வைத்திருந்தார். இறால் பண்ணைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். விசயத்தைக் கேள்விப்பட்டுத் தானே வந்து, "சம்பந்தி ஆகப்போற மனிசன், நான் கொண்டுபோகாம ஆர் கொண்டுபோறது?" என்றார். நல்ல மனிதர், அதில் எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நல்ல மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் வானை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் அறைக்குள்ளும் வந்துவிட்டார். எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

டொக்டர் இளம் பெண். சிங்களத்தில் பேசினார், நிதானமாக, அப்பாவின் முகத்தைப் பார்த்து. நான் மொழிபெயர்த்தேன். எப்போது தொடங்கியது, சீனி வருத்தம் இருக்கிறதா, சிகரெட் பிடிப்பாரா. ஒவ்வொன்றையும் அப்பாவிடம் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பிறகு டொக்டர் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது புற்று இருந்ததா? ஆண்களுக்கு இதே வருத்தம்? பெண்களுக்கு மார்பில், சூலகத்தில்?

இதை நான் அப்பாவிடம் கேட்கவில்லை. என் பின்னால் எக்ஸ்ரே உறை சரசரத்தது. தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொல்லி யாராவது கேலி செய்தால் குசினிக்குள் ஓடி ஒளிந்துவிடுவாள். நான் வாய் கூசாமல் சிங்களத்தில் சொன்னேன்.

"இல்லை டொக்டர். குடும்பத்தில் ஒருத்தருக்கும் இல்லை."

அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது என்றில்லை. மீன் வாங்க வரும் சிங்கள முதலாளிகளோடு நாற்பது வருடம் பேரம் பேசியவர். வருத்தங்களின் பெயர் தெரியாது, அவ்வளவுதான். குடும்பம், அக்கா, அண்ணன், இல்லை. இந்தச் சொற்கள் அவருக்குத் தாராளமாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்றவரைப் பார்த்தார். தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். வான்கார மாமா அண்ணாந்து கூரையில் சுற்றும் ஃபானைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாடா, ஒன்றும் சந்தேகப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று. இந்தப் புற்றுக்கு ஆண் சுரப்புதான் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டை நிறுத்தப்போகிறோம், பட்டினியில் சுருங்கிவிடும் என்று டொக்டர் சொன்னார். அப்படியேதான் நடந்தது. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் முந்நூற்றுச் சொச்சமாக இருந்த எண், ஆறு மாதத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. முதுகு நோவும் போனது. அப்பா மறுபடி கரைக்குப் போய், மர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தத் தொடங்கினார்.

ஆனால் அந்த ஊசி அவரை வேறு ஆளாக்கியது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் வெக்கை ஏறி வியர்த்துக் கொட்டும். ஆடி மாதத் திருவிழாவில் வருடா வருடம் தீ மிதிக்கிறவர், அந்த வருடம் தெம்பில்லாமல் ஓரத்தில் நின்றுகொண்டு, "இந்த முறை நெருப்பு எனக்குள்ள, நான் எங்க போய் மிதிக்கிறது?" என்றார். தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ ஒரு மருமகள் அழுதால் இவரும் அழுவார். அம்மா பார்த்தால், "உனக்கு வந்ததெல்லாம் இப்ப எனக்கு வருது, சிரிக்காத" என்பார். நாங்கள் சிரித்தோம். வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று தெரியாமல் நன்றாகவே சிரித்தோம்.

அந்த நல்ல காலத்துக்குள் தங்கையின் கலியாணம் நடந்தது. அப்பா வேட்டி நனையும்வரை வியர்த்தபடி மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய் தங்கையின் கன்னத்தைத் தடவி, "இனி இவ என்ட புள்ள" என்றாள். நான் பந்தலின் ஓரத்தில் நின்று, ஒரு பொய்யில் ஒரு வாழ்க்கையைக் கரையேற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். இதுவரை மறைத்தது போதும்.

பதினான்காவது மாதம் அந்த எண் அசையத் தொடங்கியது. முதலில் கொஞ்சம். அடுத்த முறை மூன்று, அதற்கடுத்த முறை பத்தொன்பது. எண்களோடு கூடவே முதுகு நோவும் வந்தது. அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாயில் படுத்தார்.

அந்த முறை கிளினிக் அறைக்குள் நானும் அப்பாவும் மட்டும் போனோம். மாமா சோற்றுப் பார்சல் எடுக்கப் போயிருந்தார். ஊசியை ஒழுங்காகத்தானே போடுகிறோம், சாப்பாட்டை நிறுத்தியாயிற்று என்றீர்களே, பிறகு எதைத் தின்று வளர்கிறது என்று நான் கேட்டேன். கோபமாகவே கேட்டேன். டொக்டர் ஒரு தாளை எடுத்து வட்டம் ஒன்று வரைந்தார், அதுதான் புற்றுக் கலம், ஒற்றைச் செல். ஓரத்தில் சின்னச் சின்ன வாய்கள் வரைந்தார். இந்த வாயால்தான் சுரப்பை வாங்கிக்கொள்கிறது. நாங்கள் பட்டினி போட்டதும் கோடிக்கணக்கான கலங்கள் சாகின்றன. ஆனால் கலம் பிரியும்போதெல்லாம் அதன் மரபணுவில் எழுத்துப் பிழைகள் விழும். ஏதோ ஒன்றுக்கு அப்படி விழுந்த பிழையால் இந்த வாய்கள் பத்து மடங்காகப் பெருகியிருக்கும். இன்னொன்றுக்கு வாயின் வடிவமே மாறி, எது கிடைத்தாலும் விழுங்கப் பழகியிருக்கும். எல்லாம் செத்த இடத்தில் அவை மட்டும் மிஞ்சி, அவையே பெருகிவிடும். இப்போது உங்கள் தந்தையிடம் இருப்பது நாங்கள் முதலில் கண்ட புற்று இல்லை என்றார்.

"வழமையாக இந்த மாற்றத்துக்குக் கூடுதல் காலம் எடுக்கும். இவருக்கு வயதும் குறைவு, வேகமும் கூட. அதனால்தான் மறுபடி கேட்கிறேன். குடும்பத்தில் உண்மையாகவே ஒருவருக்கும் இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். மொழிபெயர்க்க என்னை விடவில்லை. மீன் விற்ற சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அக்கா ஒராள், இங்கே புண், என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நாற்பது வயதில் போய்விட்டாள். அண்ணன் ஒராள், முதுகு, கால் இல்லாமல் போனது. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, மகள்மேல் பிழை இல்லை, தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம் என்றார்.

டொக்டர் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனார். தன் கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். எங்களைத் திட்டவில்லை. அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினார். அலுவலகத்தில் எத்தனையோ பேரின் பிழைகளை நானும் அப்படி வெட்டித் திருத்தியிருக்கிறேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அப்பாவின் இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்துவதற்கென்றே உடம்பில் சில மரபணுக்கள் இருக்கின்றனவாம். அவற்றில் பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்று ஒன்று, அப்பாவுக்குப் பிறவியிலேயே பழுது. அவருடைய தாய் தகப்பனில் யாரோ ஒருவரிடமிருந்து வந்தது. அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதுவே வந்திருக்க வேண்டும். நான் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்ல, அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"விளங்குது மகள். வலை எல்லாருக்கும்தான் கிழியும். எங்கட வீட்டில பொத்திற ஆள் இல்ல. அதான?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? டொக்டரிடம் திரும்பி, முதல் நாளே சொல்லியிருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். உறுதியாகச் சொல்ல முடியாது, எலும்புக்குப் போன பிறகுதான் வந்தீர்கள், ஆனால் இன்னும் கூர்ந்து பார்த்திருப்போம், மருந்தை வேறு விதமாக யோசித்திருப்போம் என்றார். பிறகு பேனையை மூடி வைத்தார்.

"எனக்கு இப்போது உங்கள் தந்தையைவிட உங்களைப் பற்றித்தான் யோசனை. எத்தனை பிள்ளைகள்?"

"இரண்டு பெண்கள்."

"இரண்டு பேரும் இரத்தம் கொடுங்கள். ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் மார்பை வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைக்கலாம். பிந்த வேண்டாம்."

பிந்த வேண்டாம் என்று அவர் தமிழிலேயே சொன்னார், எங்கேயோ கேட்டுப் பழகிய தமிழில். நான் அன்றைக்கே கையை நீட்டி இரத்தம் கொடுத்தேன். தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிரசவம் முடியட்டும் என்று நினைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

எனக்கு அந்தப் பழுது இல்லை என்று முடிவு வந்தது. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் தங்கையை நினைத்தேன். இரண்டு பேரில் ஒருவருக்கு வரும் என்று கணக்கில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பாதி என்று டொக்டர் விளக்கியிருந்தார். மூளைக்கு விளங்கியது. மனதுக்கு விளங்கவில்லை. என் பங்கையும் சேர்த்து அவள் தலையில் கட்டிவிட்டு நான் தப்பி வந்ததுபோல் இருந்தது.

தங்கைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அப்பாவின் கால்கள் அந்தக் கிழமைதான் மரத்துப்போயின, பெரியப்பாவின் கால்களைப் போலவே. முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்து தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து அப்பாவின் நெஞ்சில் படுக்கவைத்தாள். அப்பா பிள்ளையின் உள்ளங்காலைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு கிடந்தார். அவள் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளிட்டச் சொல்லு."

"சொல்லுறன் அப்பா."

"அண்டைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தன். உன்னில மட்டும் பிழை இல்ல. ஆனா இனி மூடக்கூடாது. சொல்லு."

இருபது நாளில் அப்பா போனார். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அம்மாவைக் காரணம் சொல்லலாம். அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று நான் வாயெடுத்தபோது அம்மா என் காலில் விழாத குறை. "பால் குடுக்கிற புள்ளடி. பயந்தாளெண்டா பால் வத்திப்போகும். தகப்பனையும் பறிகுடுத்திட்டு இருக்கிறாள். புள்ள பால் மறக்கட்டும், பிறகு சொல்லு" என்றாள். எங்கள் பக்கத்தில் அது எல்லாரும் நம்பும் விசயம், பயந்த தாய்க்குப் பால் வற்றும். மரபணு முடிவைப் படித்து விளங்கிக்கொண்ட நான் அதையும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதே சரி. சொன்னால் அவள் கேட்கும் முதல் கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் எட்டு மாதம் அவளுடைய பாலைக் காவல் காத்தேன்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, பால் கட்டியிருக்கு. அவரின்ட அம்மா ஒத்தடம் குடுத்துப் பாத்தா, கரையுதில்ல. ரெண்டு மாசமா அப்படியே கிடக்கு."

குசினிக்குள் கூட்டிப்போய்க் கையை வைத்துப் பார்த்தேன். கல். பதினைந்து வயதில் மாமியின் புண்ணுக்குப் போட்ட கட்டை மாற்றும்போது ஒருநாள் என் விரல் பட்ட அதே கல். அம்மா வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாளே டொக்டரிடம் போனோம். பரிசோதனை முடிவுகள் வந்தன. அப்பாவுக்கு இருந்த அதே மரபணு, அதே எழுத்தில், அதே பழுது. கை இடுக்கிலும் ஈரலிலும் பரவியிருந்தது. அதற்குப் பிறகு தங்கை பத்தொன்பது மாதம் இருந்தாள். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது, மறுபடி கொட்டியது. முதல் மருந்துக்குச் சுருங்கியது, பிறகு அதை ஏமாற்றப் பழகிக்கொண்டது. டொக்டர் வட்டம் வரைந்து விளக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. மாமியார்க்காரி கடைசிவரை அவளுக்குக் குளிக்க வார்த்தாள், சோறு தீத்தினாள், ஒரு சொல் குறை சொல்லவில்லை. தங்கையின் மகள் இப்போது முதலாம் வகுப்பில் இருக்கிறாள். சிரிக்கும்போது தாயைப்போலவே மூக்கைச் சுருக்குகிறாள்.

அந்தப் பத்தொன்பது மாதத்தில் எத்தனையோ நடந்தது. ஆனால் நான் படுத்தெழும்புவது அந்த முதல் நாளோடுதான், நாங்கள் வானில் போன அந்தத் திங்கட்கிழமையோடு. மாமாதான் ஓட்டினார். முன் இருக்கையில் தங்கையின் புருசன், பின்னால் நானும் அவளும். பிள்ளையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள், பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது. சோதனைச் சாவடிகள் இருந்த இடங்களில் இப்போது இளநீர்க் கடைகள். டொக்டர் மறுபடி கேட்பார், இந்த முறை இவள் முன்னாலேயே கேட்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சிலாபம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். மாமியின் மார்பை, பெரியப்பாவின் முதுகை, அப்பாவின் இரத்த முடிவை, எனக்கு இல்லை என்று வந்ததை, பால் வற்றும் என்று பொத்திவைத்ததை. கடைசியாக, மாமாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்குக் கிளினிக்கில் சொன்ன பொய்யை.

"உன்ட கலியாணம் நிண்டுபோயிரும் எண்டு பயந்துதான் இல்லை எண்டு சொன்னன். மாமா, உங்களுக்கு மறைச்சதுக்கு மன்னிச்சிருங்க."

மாமா வானை ஓரம் கட்டி நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியில் அவருடைய கண் தெரிந்தது.

"புள்ள, அம்மாள் வருத்தம் எத்தின நாளைக்கு இருக்கும்? ரெண்டு கிழமை. கூடிப்போனா மூண்டு. உங்கட வாசல்ல மூண்டு மாசத்துக்கு மேல வேப்பிலை தொங்கினது. ஊருக்கே தெரியும். உன்ட மாமியின்ட உடம்பைக் கழுவின பொம்பிளைகள்ல என்ட அக்காவும் ஒராள், இவன்ட அம்மா. அவ கண்ணால கண்டவ. நாங்க தெரிஞ்சுதான் பொம்பிளை எடுத்தம். அண்டைக்கு நீ இல்லை எண்டு சொன்னப்ப, அது உங்கட மானம், நான் ஏன் வாயைத் திறப்பான் எண்டு ஃபானைப் பாத்துக்கொண்டு நிண்டன்."

புதுக் கொத்து முறிக்க நான் ஏறிய வேப்பமரம் நினைவுக்கு வந்தது. அதை வேலிக்கு அப்பால் நின்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு எங்களுக்காக எத்தனை பேர் பேசாமல் போயிருப்பார்கள்! ஒரு சம்பந்தத்தைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்க்குக் காப்பாற்ற ஒன்றுமே இருக்கவில்லை. தங்கையின் புருசனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

தங்கை அழவில்லை. என்மேல் கோபப்படவும் இல்லை. நனைந்த சட்டையை முந்தானையால் மூடிக்கொண்டு எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ட மாமியார் வீட்டுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்" என்றாள். "அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."